மேக்பைக்குப் போட்ட இலை

அன்று காலை என் மனைவி இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டாள். சாப்பிடவில்லை.

"பாதி அளவுதான் போட்டிருக்கேன். அப்படிப் பாக்காதீங்க," என்றாள். "நான் நர்ஸா, நீங்க நர்ஸா?"

நர்ஸ் அவள்தான். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். வேளை தவறாமல் சாப்பிடவேண்டும் என்று எத்தனையோ சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்தவள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஆக்லாந்தில், ஒனிஹங்கா என்கிற பகுதியில் ஒரு பேக்கரியின் பின்கட்டில் மாவு மூட்டை தூக்குகிறேன். ஆனால் பயப்படுவதற்குப் பரீட்சை எழுதித் தேறவேண்டியதில்லை. அந்த வேலையை நான் சின்ன வயதிலிருந்தே சம்பளமில்லாமல் பார்த்து வருகிறேன்.

அன்றைக்குப் புரட்டாசி அமாவாசை. அவளுடைய அப்பா போனபிறகு வந்த முதல் மகாளய அமாவாசை. முதல் வருஷம் படைக்கலாமா கூடாதா, மகள் செய்யலாமா, புருஷன் இருக்கிறவள் விரதம் இருக்கலாமா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு அவள் நினைத்ததையே செய்தாள். ஒற்றைப் பிள்ளை. அவளை விட்டால் யார் செய்வார்கள்? இலையில் வைக்கிற சோற்றைப் பறவை வந்து எடுக்கவேண்டும். அதன்பிறகுதான் தண்ணீரைத் தவிர வேறு எதையும் வாயில் வைப்பாள். பறவை வராவிட்டால் என்ன செய்வது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாமனார் இறந்தது சித்திரை வெயிலில். இங்கிருந்து எந்த விமானத்தைப் பிடித்தாலும் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று ஆகிவிட்டது. அவளுடைய சித்தப்பா, "காத்திருக்க முடியாதும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று கொள்ளி வைத்தார். இவள் அதைப் போனில் பார்த்தாள். சரி, பதினாறாம் நாள் காரியத்துக்காவது போகலாம் என்று டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது காலில் புண் வந்து சீழ் பிடித்தது. அந்தக் காலோடு அவ்வளவு தூரம் உட்கார்ந்து போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காரியம் முடிந்து சித்தப்பா போன் செய்தார். நல்ல மனிதர்தான். வாய்தான் கொஞ்சம் முன்னால் போய்விடும். "எல்லாம் நல்லபடியா நடந்துச்சும்மா. காக்காதான் ரொம்ப நேரம் வரல. அண்ணன் உன்னைத் தேடியிருப்பாரு போல" என்றார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். போனை வைத்தபிறகு அவள் அடுப்பைத் துடைத்தாள், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். அன்றிலிருந்து அவளுக்குள் அது கிடந்தது.

ஆக்லாந்தில் காக்கை கிடையாது. இதை முதலில் கேட்கிறவர்கள் நம்பமாட்டார்கள். பாபகூராவில் எங்கள் வீட்டு வேலியில் சோறு வைத்தால் மைனாவும் குருவியும் அடித்துக்கொண்டு வந்து தின்னும். பேக்கரியில் என்னோடு வேலை செய்கிற யாழ்ப்பாணத்துக்காரரிடம் கேட்டேன். "காகத்துக்கு இஞ்ச எங்கை போறது? நாங்கள் மைனாவுக்குத்தான் வைக்கிறனாங்கள். அதுவும் ஒரு சீவன்தானே" என்றார். வீட்டில் வந்து அப்படியே சொன்னேன்.

"அவங்க அப்பாவுக்கு மைனா போதும்னா போதும். எங்க அப்பாவுக்கு ஆகாது," என்றாள். "அது தெருவுல சிப்ஸ் பொறுக்கித் திங்கிற பறவை."

அதன்பிறகுதான் மகளிடம் போனாள். மகளுக்குப் பன்னிரண்டு வயது. பறவைப் பைத்தியம். சனிக்கிழமை ஆனால் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என்னையும் நாயையும் இழுத்துக்கொண்டு மனுக்காவ் கடற்கரைச் சேற்றுக்குப் போய்விடுவாள். அவளுடைய அம்மா ஒருநாளும் வந்ததில்லை. சகதியில் நின்று கொக்கு பார்க்க எனக்கு எங்கே லீவு என்பாள். அப்படிப்பட்டவள் தானாக வந்து பறவையைப் பற்றிக் கேட்கிறாள் என்றதும் மகளுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"கருப்பா இருக்கணும். கொஞ்சம் பெருசா. கூப்பிட்டா வரணும்."

மகள் கடைக்காரி சேலை விரிப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டாள். தூயி கருப்புதான், ஆனால் தேன்தான் குடிக்கும். பிளாக்பேர்ட் புழு தின்னும், ஆள் சின்னது. பூக்கேக்கோ வரும், ஆனால் நீலம், மூக்கு சிவப்பு. கருப்பு அன்னம் இருக்கிறது.

"அன்னமா? எங்க அப்பாவுக்கா?" என்று என் மனைவி சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

"அப்போ மேக்பை. பட் அம்மா, இட்ஸ் நாட் எ க்ரோ. வேற ஃபேமிலி."

"குடும்பம் எதுவா இருந்தா என்ன? கருப்பா?"

"பிளாக் அண்ட் வைட்."

"பாதி போதும்," என்றாள் மனைவி.

பாபகூராவுக்குக் கிழக்கே காரில் கொஞ்ச தூரம் போனால் ஒரு மேட்டுநிலம். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது மகள் அங்கே மேக்பை பார்த்திருக்கிறாள். காலையில் தலைக்குக் குளித்து, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, எள்ளுருண்டை எல்லாம் செய்து மனைவி தூக்கில் அடுக்கினாள். இந்தியக் கடையின் ஃப்ரீசரில் வாங்கிய வாழையிலை ஐஸ் விட்டுத் துவண்டுபோயிருந்தது. அதை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நான் என் ஜாக்கெட் பையில் ஜெல்லி பீன்ஸ் பொட்டலம், ஒரு ஜூஸ் டப்பா, சர்க்கரை பார்க்கிற மெஷின் மூன்றையும் வைத்து, இருக்கிறதா இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நாயை விட்டுவிட்டுப் போகலாம் என்றால் பக்கத்து வீட்டார் ஊரில் இல்லை. தனியாக விட்டால் தெருவே திரளும்படி அழும். கருப்பு நாய், லேப்ரடார் பாதி, மற்றது என்னவென்று தெரியாது. அதுவும் ஏறிக்கொண்டது.

அந்த மேட்டுக்குப் போகிற பாதையின் வாசலில் செருப்பு மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போக ஒரு பிரஷும் தண்ணீரும் வைத்திருந்தார்கள். காட்டு மரங்களுக்கு நோய் பரவாமல் இருக்க. நான் நாயின் பாதங்களையும் தேய்த்தேன். அதற்குப் பக்கத்தில் ஒரு பலகை. நாயைக் கயிற்றில்தான் பிடிக்கவேண்டும், அந்தப் பக்கம் ஆடுகள் குட்டி போட்டிருக்கின்றன, ஆட்டை விரட்டுகிற நாயைச் சுடலாம் என்று எழுதியிருப்பதாக மகள் படித்துச் சொன்னாள். திரும்பப் படிக்கச் சொன்னேன்.

"அப்பா, சேம் திங்தான் எழுதியிருக்கு," என்றாள்.

கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன்.

மேலே ஏறினால் மரம் குறைந்துவிடுகிறது. மனுக்காப் புதரும் கோரைப்புல்லும் கால் அமுங்குகிற கருப்பு மண்ணும்தான். நடுநடுவே கோர்ஸ் என்கிற முட்செடி. இங்கே எல்லோரும் அதைத் திட்டுவார்கள். ஆனால் புரட்டாசி வாக்கில் வருகிற இந்த ஊர் வசந்தத்தில் அது பூக்கிறபோது மேடு முழுக்க மஞ்சள் பூசியதுபோல ஆகிவிடும். அந்தப் பூவுக்குத் தேங்காய் துருவின வாசனை. பசியோடு இருக்கிற ஒருத்தியை அந்த வாசனைக்குள் கூட்டிப்போகிறோமே என்று எனக்கு இருந்தது. காற்று வேறு. அந்தக் காற்றிலும் ஒரு வானம்பாடி நேரே மேலே ஏறி ஏறிக் கத்திக்கொண்டிருந்தது. மகள் கழுத்தை ஒடித்துப் பார்த்தாள். எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மனைவி முன்னால் போனாள். புண் ஆறிய காலைக் கொஞ்சம் ஜாக்கிரதையாக வைத்து, ஆனால் வேகமாக. பாதி மேடு ஏறியபிறகுதான் எனக்கு உறைத்தது. நடந்தால் சர்க்கரை இறங்கும். ஊசி போட்டு, சாப்பிடாமல், மேடு ஏறுகிறாள். இதை வீட்டில் யோசிக்காமல் வேறு எதையெல்லாமோ யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, கொஞ்சம் உக்காந்து போலாமே."

"தெரியும். பேசாம வாங்க."

"ஒரே ஒரு ஜெல்லி பீன். அது சாப்பாடா? மருந்து மாதிரி."

"மருந்துன்னா ஏன் திராட்சை வாசம் அடிக்குது?" என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

எதிரே கைத்தடியோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இறங்கி வந்தார்கள். அந்தப் பெரியவர் மேலே வரிசையாக நின்ற பைன் மரங்களைக் காட்டி, தன் தலையை இரண்டு தட்டுத் தட்டி, ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. மகள் தமிழில் சொன்னாள்: "மேக்பை அடிக்குதாம். தலையில. ஜாக்கிரதையா இருக்கணுமாம்."

எச்சரிக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். என் மனைவி கை கூப்பிவிட்டாள். "இருக்குதாம்ல!" என்றாள் என்னிடம். "பாத்தீங்களா? இருக்குதாம்."

மேலே ஒரு தட்டையான பாறை. அதற்கும் பைன் மரங்களுக்கும் நடுவே வேலியும் கொஞ்சம் புல்லும். வேலிக்கு அப்புறம் ஆடுகளும் குட்டிகளும். நான் நாயோடு தள்ளி நின்றேன். அவள் பாறையைக் கையால் துடைத்து, தண்ணீர் தெளித்து, இலையை விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தாள். சோறு, பருப்பு, நெய், பொரியல், வடை, எள்ளுருண்டை. எல்லாம் வைத்து முடித்துக் கையைத் தட்டினாள்.

"கா… கா… கா…"

காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. மகளுக்கு வெட்கம். யாராவது வருகிறார்களா என்று கீழே பார்த்தாள். பிறகு பைனாகுலரைத் தூக்கி மரத்தைப் பார்த்தாள்.

"அங்க இருக்கு அம்மா. டாப்ல. நம்மளைத்தான் பாத்துட்டு இருக்கு."

எனக்கும் தெரிந்தது. முதுகும் பிடரியும் வெளுத்த ஒரு பெரிய பறவை. அசையவில்லை. மனைவி இன்னும் கூப்பிட்டாள். குரல் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முதலில் காக்கையைக் கூப்பிடுகிற குரல்தான். பிறகு அது ஆளைக் கூப்பிடுகிற குரலாக ஆகிவிட்டது.

"வாங்கப்பா. உங்களுக்குப் பிடிச்சதுதான் எல்லாம். வாங்கப்பா."

மகள் பைனாகுலரை இறக்கிவிட்டாள். அவளுக்குத் தமிழ் முழுதாக வராது, ஆனால் இது புரிந்துவிட்டது. அம்மா தாத்தாவைக் கூப்பிடுகிறாள் என்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. பறவைக்குச் சோறு போடுகிறோம் என்றுதான் நினைத்திருந்தாள். நாங்கள் அவளுக்கு எதையும் விளக்கிச் சொல்வதில்லை. தானாகத் தெரிந்துகொள்வாள் என்று விட்டுவிடுகிறோம்.

பறவை வரவில்லை. தூரம்தான் காரணம் என்று மனைவி முடிவு செய்தாள். இலையை அப்படியே ஏந்திக்கொண்டு மரத்தை நோக்கி நடந்தாள்.

"அம்மா, டோன்ட்! கிட்ட போகாத! நெஸ்ட் இருக்கும்!"

அவள் நிற்கவில்லை. வேலி ஓரத்தில் இலையை இறக்கி நிமிர்ந்தாள். அந்தப் பறவை மரத்திலிருந்து விழுந்ததுபோல இறங்கியது. சிறகடிக்கிற சத்தமே இல்லை. அவள் காதுக்குப் பக்கத்தில் தன் அலகை மட்டும் டப்பென்று தட்டிவிட்டு மேலே போனது. அவள் குனியவில்லை. என்ன நடக்கிறது என்று தெரியாதவர்கள் நிற்பதுபோல நின்றாள். அது திரும்பி வந்தது. இந்த முறை தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு போனது. நெற்றி ஓரத்தில் பொட்டு அளவுக்கு ரத்தம்.

மகள் கத்தினாள். நான் ஓடினேன். எப்போது கயிற்றை விட்டேன் என்று எனக்குத் தெரியாது. ஜாக்கெட்டைக் கழற்றி அவள் தலைமேல் பிடித்துக்கொண்டு பாறைப் பக்கம் இழுத்து வந்தேன். பறவை என் தலைக்கு மேலேயே போயிற்று, என்னைத் தொடவில்லை. மகளையும் தொடவில்லை. என் மனைவியைத்தான்.

பாறைக்குப் பக்கத்தில், கோர்ஸ் புதர் மறைவில் அவள் உட்கார்ந்தாள். முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"கோவமா இருக்காரு," என்றாள். "நான் வரலைல்ல. அந்தக் கோவம்."

"அது பறவைம்மா."

"உங்களை அடிச்சுச்சா? இவளை அடிச்சுச்சா? என்னை மட்டும் ஏன் அடிக்குது?"

மகள் மண்டியிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் சொல்லத்தான் நினைத்தாள். அவளுக்குத் தெரிந்த வழியில் சொன்னாள். "நோ, அம்மா. அதுக்கு பேபீஸ் இருக்கு. ஸ்ப்ரிங்ல அப்படித்தான். ஆண் பறவைதான் இப்படி வரும். அது அப்பா மேக்பை."

மனைவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "கேட்டீங்களா? அவளே சொல்றா. அப்பான்னு."

மகள் திரும்பி மரத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் பார்த்தேன். அந்தக் குளிர்காற்றில் அவளுடைய மேலுதட்டில் வியர்வை. நெற்றி முழுக்க வியர்வை, ரத்தப் பொட்டு அதில் கரைந்து ஓடியிருந்தது. கை நடுங்கியது. பறவைப் பயத்தில் நடுங்குகிறாள் என்று ஒரு நிமிடம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பிறகு மெஷினை எடுத்து அவள் விரலைக் குத்தினேன். மூன்று புள்ளி ஒன்று. இந்த ஊர்க் கணக்கில் நாலுக்குக் கீழே இறங்கவே கூடாது என்று அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஜெல்லி பீன்ஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தேன்.

அவள் வாயை இறுக்கிக்கொண்டாள்.

"இறங்கிடுச்சும்மா. நீயே பாரு, மூணு காட்டுது."

"அவரு சாப்பிடல."

"நீ சாப்பிடு. அப்புறம் அவரு சாப்பிடுவாரு."

"என்ன பேச்சு பேசுறீங்க? முன்னாடி நானா?" நாக்கு குழறியது. பேச்சு நடுவில் நின்று, பிறகு வேறு எங்கிருந்தோ தொடங்கியது. "வார்டுல எத்தனை பேரு… கதவைச் சாத்திட்டு வந்தீங்களா?"

கையைத் தட்டிவிட்டாள். பச்சையும் சிவப்புமாக ஜெல்லி பீன்ஸ் புல்லில் சிதறின. சர்க்கரை இறங்கினால் இப்படித்தான் பிடிவாதம் வரும், அது நோயின் பிடிவாதம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் இதில் எது நோய், எது அவள் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. போனில் சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் எந்த இடம் என்று சொல்வது? வாயைப் பிளந்து ஊட்டலாமா? மயங்கிவிட்டால் வாயில் எதுவும் வைக்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறாள். மயக்கத்துக்கும் முழிப்புக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது? ஜூஸ் டப்பாவின் குழாயை அதன் பிளாஸ்டிக்கிலிருந்து எடுக்க என் விரல்களால் முடியவில்லை.

நாய் ஞாபகம் வந்தது அப்போதுதான். ஆட்டுக்குட்டிகள், துப்பாக்கி எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடின. எழுந்து புதருக்கு மேலாகப் பார்த்தேன்.

நாய் வேலி ஓரத்தில்தான் இருந்தது. ஆட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இலையைத் தின்றுகொண்டிருந்தது. வடை போய்விட்டது, எள்ளுருண்டை போய்விட்டது. சோற்றை நக்கி நக்கி வழித்துக்கொண்டிருந்தது. மேக்பை வேலிக்கம்பத்தின் மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

மகளும் எழுந்து நின்று பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது. இந்தப் பெண் பார்க்காத பறவையைப் பார்த்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கூட வந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டோம் என்று குதிக்கும்போதும், "எனக்குத் தெரியல, ஸோ நான் பாக்கல" என்று நிற்கிறவள்.

அவள் அம்மாவிடம் குனிந்தாள். சுத்தமான தமிழில் சொன்னாள்.

"அம்மா, சாப்பிட்டுச்சு."

"யாரு?"

"மேக்பை. இப்ப வந்து சாப்பிட்டுச்சு. நான் பாத்தேன்."

மனைவியின் கண்கள் அவள் முகத்தைத் தேடின. "நிஜமாவா?"

"நிஜமா."

"நீ பாத்தியா?"

"என் கண்ணால பாத்தேன், அம்மா."

மனைவி வாயைத் திறந்தாள். மகள் ஜெல்லி பீன்ஸை ஒவ்வொன்றாக வைத்தாள். நான் ஜூஸ் குழாயைக் குத்தி மகளின் கையில் கொடுத்துவிட்டு வேலிக்கு ஓடினேன். பறவை என்னை ஒன்றும் செய்யவில்லை. நாயின் கயிற்றைப் பிடித்தேன். மூக்கிலும் மீசையிலும் வெள்ளை வெள்ளையாகச் சோறு ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டை நுனியால் துடைத்தேன், ஒரு பருக்கை விடாமல். இலையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் நடுக்கம் நின்றது. மறுபடி விரலைக் குத்தியபோது ஐந்தைத் தாண்டியிருந்தது. அந்த எண்ணை மகளுக்கும் காட்டினேன். அவள் தெளிந்த கண்ணோடு சுற்றிலும் பார்த்தாள். "இலை எங்க?" என்றாள்.

"எடுத்துட்டேன். இங்க குப்பை போடக்கூடாது."

"மிச்சம் ஏதும் வச்சாரா?"

"கொஞ்சம்," என்றேன்.

தூக்கின் அடித்தட்டில் எங்களுக்கென்று கொண்டுவந்த சோற்றை அவள் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். நெய்யும் பருப்பும் பிசைந்து, முதல் உருண்டையை மகளுக்கு ஊட்டினாள். வழக்கமாக வேண்டாம் என்று தலையைத் திருப்புகிறவள் அன்று வாங்கிக்கொண்டாள். வெகுநேரம் மென்றாள். நான் சாப்பிட்டேனா என்று ஞாபகமில்லை.

கார் நிறுத்தும் இடத்துக்கு வந்ததும் சிக்னல் கிடைத்தது. அவள் சித்தப்பாவைக் கூப்பிட்டாள். ஊரில் அப்போதுதான் விடிந்திருந்தது. வாயில் பிரஷ்ஷோடு வீடியோவில் வந்தார்.

"சித்தப்பா, இலை போட்டாச்சு. எடுத்துட்டாரு."

"என்னது? அந்த ஊர்ல காக்கா இருக்கா?"

"காக்கா மாதிரி ஒண்ணு. கருப்பும் வெள்ளையுமா."

"வேட்டி கட்டின காக்காவா? இங்கிலீஷ்ல கூப்பிட்டியா, தமிழ்ல கூப்பிட்டியா?" பிரஷ்ஷை எடுத்துவிட்டுச் சிரித்தார். "மாப்ள பக்கத்துல இருக்காரா? மாப்ள, உண்மையா? சும்மா சொல்லுதா புள்ள?"

போன் என் பக்கம் திரும்பியது. நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவர்தான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

"இவ பாத்தா, சித்தப்பா," என்று மனைவி போனை மகளிடம் நீட்டினாள். "சொல்லுடி."

"பாத்தேன், தாத்தா," என்றாள் மகள்.

அவர் சிரிப்பு நின்றது. தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்தார். "நான் இனிமேத்தான் குளிச்சு, மாடியில இலை போடணும். அதுக்குள்ள அண்ணன் அங்க வந்துட்டாரா?" துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப உன்கிட்டத்தான் முதல்ல வந்திருக்காரு. அன்னைக்கு நான் ஏதோ உளறிட்டேன்மா. மனசுல வச்சுக்காத."

மனைவி கார்க் கதவில் சாய்ந்துகொண்டு அழுதாள். சித்திரைக்குப் பிறகு நான் கேட்ட அழுகைகளில் இது வேறு மாதிரி. நாயை ஏற்றுகிற சாக்கில் நான் திரும்பிக்கொண்டேன். அதன் மூக்கை இன்னொரு முறை பார்த்தேன்.

திரும்பி வரும்போது அவள் முன் சீட்டில் பாதி உடம்பைப் பின்னால் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். பெல்ட் கழுத்தை அறுக்கும், நேராக உட்கார் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.

"எப்படி வந்தாருன்னு சொல்லு. நான்தான் பாக்கலையே."

மகள் நாயின் முதுகில் கை வைத்திருந்தாள். "முதல்ல வேலிக்கம்பத்து மேல உக்காந்துச்சு. தலையைச் சாய்ச்சுப் பாத்துச்சு. அப்புறம் கீழ வந்து, நடந்து வந்துச்சு. வடையைத்தான் முதல்ல எடுத்துச்சு."

"எடுப்பாரு, எடுப்பாரு. எண்ணெய் ஆகாதுன்னு டாக்டர் சொன்னா கேக்கமாட்டாரு. அப்புறம்?"

"அப்புறம் சோறு. நிதானமா சாப்பிட்டுச்சு. நம்மளைத் திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் மரத்துக்குப் போயிடுச்சு."

"கோவமா பாத்தாரா?"

"இல்ல. சும்மா பாத்துச்சு."

மனைவி முன்னால் திரும்பி, கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தபடி கொஞ்ச தூரம் வந்தாள். நெற்றியில் அந்தக் கீறல் காய்ந்திருந்தது. "அடுத்த அமாவாசைக்கும் இங்கயே வந்துடுவோம்," என்றாள். "அவருக்கு இடம் தெரிஞ்சிருச்சு."

"அது எப்ப?" என்று மகள் கேட்டாள்.

"தீபாவளியோட வரும். நீதான் கூட வரணும். உன் கண்ணுக்குத்தான் தெரியுறாரு."

"ஓகே, அம்மா."

அந்த ஓகே எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு ஒருநாளைக்கு என்றுதான் அவளும் நினைத்திருப்பாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். தீபாவளி வருவதற்குள் அவளிடம் பேசவேண்டும். என்ன பேசுவது? பொய் சொல்லாதே என்றா? அந்தப் பொய்யால்தான் அவளுடைய அம்மா இப்போது முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறாள். இனிமேலும் சொல்லு என்றா?

"இன்னொரு தடவை சொல்லுடி," என்றாள் மனைவி, குழந்தை கதை கேட்பதுபோல.

மகள் மறுபடி சொன்னாள். வேலிக்கம்பம், தலையைச் சாய்த்தது, நடந்து வந்தது, வடை, சோறு, திரும்பிப் பார்த்தது, மரம். ஒரு வார்த்தைகூட மாறவில்லை. நிஜமாகப் பார்த்தவர்கள்கூட இரண்டாம் முறை சொல்லும்போது எதையாவது முன்பின் மாற்றுவார்கள். நான் பின்னால் பார்க்கிற கண்ணாடியைப் பார்க்கப் பயந்து, ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.